குடியை விட விரும்புவோர் கூட்டத்தைக் கண்டடைதல்

குடிப்பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் அதனை விட்டொழிக்க எண்ணுவது புதிதன்று. பலமுறை எண்ணியிருப்பார். காலையில் 'இனித் தொடேன்' என்று ஆணையிடுவார். கூலிப் பட்டுவாடா நாளின் மாலையில் அவ்வாணை காற்றில் பறந்துவிடும். சுற்றத்தாரோ மன உறுதியற்றவரென்று பழிப்பர். ஆயின், இது பழிப்பினால் தீராத நோய். குடிநோயாளரை ஏனைய நோயாளரைப் போலவே மருத்துவமனைகள் ஏற்க வேண்டுமென்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956ஆம் ஆண்டிலேயே கூறிற்று. இந்நோய்க்கு மருத்துவர் வேண்டும். அதனோடு, அதே நோயில் வீழ்ந்து எழுந்த துணைவரும் வேண்டும். அத்துணைவர் கூடும் இடத்தைக் கண்டடைவது எங்ஙனம் என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

1. தோற்றம்

1935ஆம் ஆண்டு மே மாதம். பில் வில்சன் என்னும் நியூயார்க் பங்குத் தரகர், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகருக்குத் தொழில் நிமித்தம் வந்திருந்தார். வந்த காரியம் கைகூடவில்லை. அவர் குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. மேஃபிளவர் ஓட்டலின் முன்கூடத்தில் தனியே நின்றவருக்கு, ஒருபுறம் மதுக்கூடத்தின் ஆரவாரம் கேட்டது; மறுபுறம் ஊர்த் தேவாலயங்களின் பெயர்ப் பட்டியலும் தொலைபேசியும் இருந்தன. அவர் தொலைபேசியை எடுத்தார். தம்மைப் போன்ற குடிநோயாளர் ஒருவரோடு பேச வேண்டுமென்று கேட்டார்.

ஒருவர் மற்றொருவரைக் காட்ட, மறுநாள் மாலை அவ்வூர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். கால்மணி நேரமே இருப்பதாக வந்த மருத்துவர், இரவு நெடுநேரம் வரை அமர்ந்துவிட்டார். காரணம் யாது? அறிவுரை கூறுவோரை அவர் பலராகக் கண்டிருந்தார். தம் சொந்தத் துன்பத்தை ஒளிக்காமல் கூறியவரை அன்றுதான் கண்டார்.

அதன் பின்னும் மருத்துவர் ஒருமுறை தவறிக் குடித்தார். எனினும் நண்பர் அவரைக் கைவிடவில்லை. அவர் இறுதியாகக் குடித்த நாளாகக் கொள்ளப்படும் 1935 ஜூன் 10, 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் இயக்கத்தின் தோற்ற நாளாக இன்றும் போற்றப்படுகிறது. சுருக்கமாக ஏ.ஏ. என வழங்கும் இவ்வியக்கம் இந்தியாவிலும் பரவியுள்ளது. தமிழில் நடைபெறும் கூட்டங்களும் உண்டு.

2. கூட்டத்தின் இயல்பு

குடியை விட வேண்டுமென்னும் விருப்பமே இங்குச் சேர்வதற்குரிய தகுதி. ஆண் பெண் இருபாலரும், எம்மதத்தினரும், மதமற்றோரும் வரலாம். நுழைவுக் கட்டணமோ சந்தாவோ கிடையாது. வந்தவர் மனமுவந்து இடும் காசிலேயே செலவு நடக்கும். வெளியார் நன்கொடை ஏற்கப்படுவதில்லை. முழுப் பெயரைக் கூற வேண்டியதில்லை. அங்குக் கேட்டதை வெளியே கூறலாகாது. பேச விரும்பாதவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். 'திறந்த கூட்டத்துக்கு' யாவரும் வரலாம். 'மூடிய கூட்டம்' குடியை விட விரும்புவோருக்கே உரியது.

இதனால் பயன் உண்டா? 2020ஆம் ஆண்டில் வெளியான கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளை ஒப்பு நோக்கியது. முறைப்படி ஏ.ஏ.யில் ஈடுபடச் செய்யும் சிகிச்சை, தொடர்ந்து குடியாதிருப்பதற்கு ஏனைய சில சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுகிறது என அது கண்டது.

3. தேடும் முறை

முதலாவது, மருத்துவரைக் காண்க. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவது ஆபத்து. நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை தோன்றும். சிலருக்கு முதல் சில நாட்களுக்குள் வலிப்பும் புத்தி மயக்கமும் உண்டாகி உயிருக்கே கேடாகலாம். இக்குறிகள் தோன்றின் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்க.

இரண்டாவது, கூட்டம் எங்கு நடைபெறுகிறதென்று அம்மருத்துவமனையின் மனநலப் பிரிவிலேயே கேட்க. 14446 என்னும் தேசிய இலவசத் தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம். ஏ.ஏ.யின் இணையதளத்திலும் விவரம் பெறலாம். சென்னையில் 1980 முதல் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை போன்ற சிகிச்சை நிலையங்களையும் அணுகலாம். அருகில் கூட்டம் இல்லாதோர் இணையவழிக் கூட்டத்தில் சேரலாம்.

மூன்றாவது, புறப்படுமுன் நாள், நேரம், இடம், மொழி, திறந்ததா மூடியதா என்பவற்றைக் கேட்டு உறுதி செய்க.

நான்காவது, முதல் நாள் வாயில் வரை ஒருவர் உடன் செல்க. அவ்வாயிலில் திரும்பிவிடுவோர் பலர்.

ஐந்தாவது, ஒரு கூட்டத்தைக் கண்டு முடிவு செய்யற்க. அது பொருந்தாவிடில் மற்றொரு குழுவை நாடுக.

4. குடும்பத்தாருக்கு

குடிப்பவர் வர மறுப்பினும், குடும்பத்தார் காத்திருக்க வேண்டியதில்லை. அவர்களுக்கென்றே 1951ஆம் ஆண்டில் அமைந்த 'அல்-அனான்' குழுக்கள் உள்ளன. குடும்பத்தாரும் தம் துயரைக் கூறி ஆறுதல் பெற அவை இடமளிக்கின்றன.

நேயர்களே! தறியில் இழை அறுந்தால் பாவையே வெட்டி எறிவாரில்லை. முடிந்து மேலே நெய்கிறோம். ஒருமுறை தவறியவரையும் அவ்வாறே நடத்துதல் வேண்டும். உம் தெருவில் தனியே போராடும் ஒருவர் இருப்பின், இவ்வாரமே அவருக்காக அத்தொலைபேசியை எடுப்பீராக.

வினாக்கள்

1. குடியைத் திடீரென நிறுத்துவோர் மருத்துவரைக் காண வேண்டியது ஏன்?
2. திறந்த கூட்டத்துக்கும் மூடிய கூட்டத்துக்கும் வேறுபாடு யாது?
3. உம் ஊருக்கு மிக அருகில் உள்ள கூட்டம் எங்கு, எந்நாளில் நடைபெறுகிறது? விசாரித்து எழுதுக.