வளவுப் பராமரிப்புத் தொழிலுக்கு ஏற்ற விளம்பர வழிகள்
(அம்பாறைக் கரையோரக் கமக்காரருக்கு)

சிறுபோக அறுவடைக்கும் பெரும்போக விதைப்புக்கும் இடைப்பட்ட காலத்தில் நெற்கமக்காரர் மேற்கொள்ளத்தக்க உபதொழில்களுள் வீட்டு வளவுகளைத் திருத்தி அமைத்தலும் பராமரித்தலும் ஒன்றாகும். குழி வெட்டுதல், கூட்டுரம் தயாரித்தல், கன்று நடுதல், கிளை கத்தரித்தல் ஆகியவற்றை அவர் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. மரக்கறிச் செய்கையாளருக்கு நாற்றுமேடைப் பழக்கமும் உண்டு. நெல்லை வாங்குவோர் லொறியுடன் களத்துக்கே வருகின்றனர்; மரக்கறிக்குச் சந்தை இருக்கின்றது. வளவு வேலைக்கு மட்டும் வாடிக்கையாளரைத் தேடிப் பிடித்தல் வேண்டும். நெல் விற்ற பணத்தைப் பொருத்தமற்ற விளம்பரத்திற் செலவிட்டு, அடுத்த போகத்துக்கு விதைநெல்லும் பசளையும் வாங்கக் கடன்படும் நிலை நேராதவாறு முன்கூட்டியே ஆராய்தல் நன்று.

முதலில் நோக்க வேண்டியது தூரம். புல்வெட்டும் இயந்திரத்தையும் மண்வெட்டியையும் ஏற்றிக்கொண்டு சென்று, வேலை முடித்து, அன்றே திரும்பக்கூடிய எல்லையே இத்தொழிலின் சந்தையாகும். 1930ஆம் ஆண்டில் தொடங்கிய ‘வீரகேசரி’யும் 1932ஆம் ஆண்டில் தொடங்கிய ‘தினகரன்’னும் நாடெங்கும் வாசிக்கப்படுவன. அவற்றில் வெளியாகும் விளம்பரத்தை யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் உள்ளோரும் காண்பர். ஆயினும் அவர்களுள் ஒருவரேனும் நிந்தவூரிலிருந்து ஆள் அழைத்துத் தம் வளவைத் துப்புரவு செய்விக்கப் போவதில்லை. நாடளாவிய வானொலிக்கும் இதுவே பொருந்தும்.

கரையோர ஊர்களின் அமைப்பு வேறொரு வசதியைத் தருகின்றது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்கள் மட்டக்களப்புக்குச் செல்லும் ஒரே நெடுஞ்சாலை வழியே கோத்தாற்போல் அமைந்துள்ளன. ஆகவே தெருவோரத்தில் நன்கு தெரியும் ஒரு பலகையை அயலூராரும் காண்பர். மோட்டார் சைக்கிளில் செல்பவர் நின்று வாசிக்கமாட்டார். வேலையின் பெயரும் தொலைபேசி எண்ணும் பெரிய எழுத்தில் இருந்தாற் போதும். பூக்களின் படங்களால் பலகையை நிரப்புதல் வீண். பொது இடத்தில் நாட்டுவதற்கு முன் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியைப் பெறுதல் வேண்டும்.

இதனினும் மலிவானது, முடித்த வேலையையே காட்டுதல். வீட்டுக்காரரின் சம்மதத்துடன் படலையருகே ஒரு சிறு பலகையைச் சில வாரங்களுக்கு வைக்கலாம். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்கள் மிகவும் பயன்படும். இப்பகுதியில் வீட்டுத்தலைவர் மத்திய கிழக்கு நாடுகளிலே தொழில்புரியும் குடும்பங்கள் பல. அங்கிருப்பவர் வளவைக் காண முடியாது. வாட்ஸ்அப்பில் வரும் படத்தைக் கண்டே பணம் அனுப்பச் சம்மதிப்பார். அன்றியும் வளவில் எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்பவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண்களே. எனவே ஆண்கள் கூடும் தேநீர்க் கடையில் மட்டும் செய்தி பரவினாற் போதாது. முகநூலில் கட்டண விளம்பரம் செய்வோர், குறித்த ஓர் ஊரைச் சுற்றி இத்தனை கிலோமீற்றருக்குள் உள்ளோருக்கு மட்டும் அது காட்டப்படுமாறு வரையறுத்துக்கொள்ளலாம். அவ்வரையறையைச் செய்யாது விடுவோர் பத்திரிகை விளம்பரக்காரரின் நிலைக்கே ஆளாவர்.

புதிய வீடு எப்போது முடியும் என்பதை முதலில் அறிபவர் மேசன். அடுத்தவர் கட்டடப்பொருட் கடைக்காரர். இவர்களிடம் பெயர் அட்டை கொடுத்துவைத்தலுக்குச் செலவு அற்பமே. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின்னர்த் துண்டுப்பிரசுரம் வழங்க விரும்புவோர் பள்ளிவாசல் நிர்வாகத்தின் அனுமதியுடன் வளவுக்கு வெளியே வழங்கலாம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியோ மரண அறிவித்தலுக்கும் ஊரின் பொது அறிவித்தலுக்கும் உரியது. வியாபாரத்துக்காக அதனைக் கேட்பது ஊராரின் மனத்தாங்கலுக்கே இடமாகும்.

எவ்வழி பயன் தந்தது என்பதை அறிய, அழைக்கும் ஒவ்வொருவரிடமும் “எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?” எனக் கேட்டு, ஒரு கொப்பியிற் குறித்தல் வேண்டும். உதாரணமாக, 9,000 ரூபா செலவில் நாட்டிய பலகையைக் கண்டு ஒன்பது பேரும், 6,000 ரூபாவுக்கு அச்சிட்ட பிரசுரத்தால் மூவரும் வந்தனர் எனக் கொள்வோம். பலகையே சிறந்தது எனத் தோன்றும். ஆனால் ஒன்பது பேரும் ஒருமுறை மட்டும் துப்புரவு செய்வித்து, தலைக்கு 2,000 ரூபா இலாபம் தந்திருப்பின் வருமானம் 18,000 ரூபா. செலவு போக மிஞ்சுவது 9,000 ரூபா. மற்றைய மூவரும் மாதாந்தப் பராமரிப்புக்கு அமர்த்தி, தலைக்கு மாதம் 1,500 ரூபா இலாபம் தந்தால் ஆண்டில் 54,000 ரூபா. செலவு போக 48,000 ரூபா. ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர் இங்கே பிழையான வழியைத் தெரிந்திருப்பார்.

ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம், வைத்தியசாலைகள் போன்ற அரச நிறுவனங்களின் வேலை விளம்பரத்தாற் கிடைப்பதன்று. அவை கோரும் விலைமனுக்களைக் கவனித்து உரிய தினத்துக்குள் விண்ணப்பித்தல் வேண்டும்.

காலமும் முக்கியமானது. ஐப்பசி மழை தொடங்கியதும் கன்று நடுவதற்கு எல்லோரும் ஆள் தேடுவர். அதே வாரங்களிலேயே பெரும்போக விதைப்பும் நடைபெறும். ஆதலின் ஆவணி, புரட்டாதி மாதங்களில் விளம்பரஞ்செய்து, வடிகால் திருத்தல், குழி வெட்டுதல், மண் நிரப்புதல் முதலியவற்றை மழைக்கு முன்பே முடித்துக்கொள்ளல் தக்கது. இரு பெருநாள்களுக்கு முந்திய வாரங்களும் வளவு துப்புரவுக்கு ஏற்றவை. பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முந்தி வருவதால், அவ்வாண்டில் அது எப்பருவத்தில் வருகின்றது என்பதைப் பார்த்தல் வேண்டும். விதைப்புத் தொடங்கியதும் கட்டண விளம்பரத்தை நிறுத்திவிட்டு, அப்போது அழைப்போருக்கு வரக்கூடிய திகதியைத் திட்டமாகச் சொல்லிக் கொப்பியில் எழுதிக்கொள்ளல் வேண்டும்.