துறைமுகத்து எழுத்தர்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. ஓயாது அலை மோதும் திறந்த கடலே அந்நகரின் வாயிலாக இருந்தது. பெரிய கப்பல்கள் கரைக்குத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் அலைகளைக் கடந்து சென்று ஆட்களையும் பண்டங்களையும் ஏற்றி வரும். 1875-ஆம் ஆண்டில் கடலினுள் இரண்டு கல்லணைகளை எழுப்பும் வேலை தொடங்கிற்று. வேலை முடியும் தறுவாயில், 1881-இல் வீசிய பெரும்புயல் அவற்றைச் சிதைத்துவிட்டது. அணைகளை மீண்டும் கட்டினர். ஆயினும் துறைமுகத்தின் வாயில் கிழக்கு நோக்கி இருந்தமையால் அலையும் மணலும் உட்புகுந்து கப்பல்களுக்கு இடர் விளைத்தன. கோதாவரி ஆற்றின்மீது இராஜமுந்திரியில் இருப்புப்பாதைப் பாலம் அமைத்த பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைவரானார். அக்காலத்தில் கிழக்கு வாயில் அடைக்கப்பட்டு, வடகிழக்கில் புதுவாயில் திறக்கப்பட்டது. கடலில் அணை கட்டியதன் விளைவாகத் தெற்கே மணல் குவிந்து கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரத்துக் கரையைக் கடல் அரித்தது.

கப்பல் வரவு பெருகப் பெருக, கணக்கும் பெருகிற்று. கப்பலுக்கு ஒரு கட்டணம், சரக்குக்கு ஒரு கட்டணம், பாரந்தூக்கிக்கு ஒரு கட்டணம் என வரும் பணமெல்லாம் பேரேடுகளில் ஏறவேண்டும். அவற்றை எழுதவும் சரிபார்க்கவும் எழுத்தர்கள் பலர் வேண்டியிருந்தனர். அத்தகைய எழுத்தர்களுள் ஒருவராக, 1912 மார்ச்சு முதல் நாளன்று, இருபத்து நான்கு வயதுடைய இளைஞர் ஒருவர் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் வேலைக்கு அமர்ந்தார். மூன்றாம் வகுப்பு, நான்காம் படிநிலை. மாதச் சம்பளம் 30 ரூபாய். அவ்விளைஞரே சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். அவர் தந்தையார் கும்பகோணத்து ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கெழுதி வந்தார். மாதம் 20 ரூபாய் அவருக்கு ஊதியம். பள்ளியில் பரிசுகள் பல பெற்ற மகன், கல்லூரியில் கணிதம் தவிர ஏனைய பாடங்களைப் புறக்கணித்தார். அதனால் உபகாரச் சம்பளத்தை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் முயன்றும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை. மெட்ரிகுலேஷன் தேறியவர் என்பதற்கு மேல் சொல்லிக்கொள்ள அவரிடம் பட்டம் யாதும் இல்லை. 1909-இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவி ஜானகி சிறுமி. குடும்பத்துக்கு மூத்த பிள்ளை. கையில் வேலை இல்லை. இருந்ததெல்லாம் தாம் கண்ட கணித முடிவுகளை எழுதி நிரப்பிய குறிப்பேடுகளே.

அந்நாளில் காவிரிக் கரையூர்களிலிருந்து இளைஞர் பலர் இரயிலேறிச் சென்னைக்கு வந்து, ஏதேனும் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை தேடுவது வழக்கம். இராமானுஜனும் அவ்வழியே சென்றார். ஆயினும் அவர் வேலை தேடிய வரலாறு ஏனையோருடையதைப் போன்றதன்று. 1910-இல் அவர் திருக்கோவிலூருக்குச் சென்று, ஆங்கு டிப்டி கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயரைக் கண்டு, தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை ஒன்று வேண்டும் என்று கேட்டார். இராமசாமி ஐயர் 1907-இல் இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவியவர். அவர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். வேலை தர மறுத்துவிட்டார். இத்தகைய அறிவை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் அமர்த்தி மழுங்கச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. சென்னையிலிருந்த கணித அறிஞர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

மறுத்தது அன்பினால்தான். எனினும் கணிதம் வயிற்றை நிரப்பவில்லை. இராமானுஜன் அவ்வாண்டு டிசம்பரில் நெல்லூர்க் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவைக் கண்டார். அவர் மாதம் 25 ரூபாய் தம் கைப்பணத்திலிருந்து அனுப்பி உதவினார். அவ்வுதவியால் இராமானுஜன் சென்னையில் தங்கிக் கணிதத்தில் ஈடுபட்டார். 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் அவருடைய முதற்கட்டுரை வெளிவந்தது. அதே இதழில் அவர் ஒரு வினாவையும் விடுத்தார். ஒரு வர்க்கமூலத்துக்குள் மற்றொரு வர்க்கமூலம், அதனுள் இன்னொன்று என முடிவின்றிச் செல்லும் ஒரு கோவையின் மதிப்பு யாது என்பதே அது. மாதங்கள் பல கழிந்தும் விடை கூறுவார் இல்லை. பின்னர் அவரே விடை அளித்தார். விடை 3.

அதன் நுட்பத்தை மாணவர் எளிதில் அறியலாம். 3 என்பது 9-இன் வர்க்கமூலம்; 9 = 1 + 2 × 4. அந்த 4 என்பது 16-இன் வர்க்கமூலம்; 16 = 1 + 3 × 5. அந்த 5 என்பது 25-இன் வர்க்கமூலம்; 25 = 1 + 4 × 6. ஒவ்வோர் எண்ணையும் இவ்வாறு திறந்துகொண்டே சென்றால் கோவை முடிவின்றி நீளும். கண்டபின் எளிது, காண்பதன்றோ அரிது!

இராமச்சந்திர ராவின் உதவி தடையின்றி வந்துகொண்டிருந்தது. ஆனால் பிறர் கொடையில் நெடுநாள் வாழ இராமானுஜன் விரும்பவில்லை. 1912 ஜனவரியில் அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் 20 ரூபாய்ச் சம்பளத்தில் தற்காலிக வேலை ஒன்று கிடைத்தது. சில வாரங்களே அது நீடித்தது. பிப்ரவரி 9-ஆம் நாளன்று, திருவல்லிக்கேணியில் தாம் தங்கியிருந்த இல்லத்திலிருந்து துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பம் எழுதினார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்ததையும், சூழ்நிலையால் படிப்பைத் தொடர இயலாமற் போனதையும் மறைக்காமல் எழுதி, தம் காலமெல்லாம் கணிதத்தில் செலவிட்டு வந்ததாகத் தெரிவித்தார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அளித்த பரிந்துரையும் உடன் சென்றது. மார்ச்சு முதல் நாளிலிருந்து மாதம் 30 ரூபாய் உறுதியாயிற்று. தந்தையார் பல்லாண்டு உழைத்துப் பெற்ற ஊதியத்தினும் அது 10 ரூபாய் கூடுதல் என்பதை எண்ணினால், அக்குடும்பத்துக்கு அச்சிறு தொகை எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்பது விளங்கும்.

அவ்வேலையில் 30 ரூபாயினும் உயர்ந்த பேறு ஒன்றும் இருந்தது. கணக்குப் பிரிவின் தலைவர் எஸ். நாராயண ஐயர், திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். இந்தியக் கணிதச் சங்கத்தின் பொருளாளர். மேலதிகாரியும் கீழ்நிலை எழுத்தரும் மாலையில் அலுவலகம் விட்டபின் கணிதத் தோழர்கள் ஆயினர். திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலையில் நாராயண ஐயரின் இல்லம் இருந்தது. அதன் மாடியில் இருவரும் ஆளுக்கொரு பலகையை மடிமீது வைத்துக்கொண்டு, இரவு நெடுநேரம் வரை கணக்கிடுவர். இராமானுஜன் பத்துப் படிகளை ஒரே தாவலில் கடந்து விடையை எழுதிவிடுவார். நாராயண ஐயர் அவரை நிறுத்தி, பிறர்க்கும் விளங்கும்படி இடைப்படிகளை எழுதச் சொல்வார். இதனைச் சிறிய உதவி என்று கருதுதல் ஆகாது. விடையை அறிதல் வேறு. அதனைப் பிறர் ஏற்கும்படி நிறுவுதல் வேறு.

இராமானுஜன் ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலித் தெருவில் குடியமர்ந்தார். துறைமுகம் அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவே. 1912-இன் பிற்பகுதியில் தாயார் கோமளத்தம்மாளும் மனைவி ஜானகியும் வந்து சேர்ந்தனர். அலுவலகம் செல்லுமுன் கணிதம், திரும்பியபின் கணிதம், சில நாட்களில் விடியும்வரை கணிதம், பின் இரண்டு மூன்று மணி நேரத் துயில், மீண்டும் அலுவலகம் என அவர் நாட்கள் சென்றதை ஜானகி அம்மையார் பின்னாளில் நினைவுகூர்ந்தார். காகிதம் வாங்கக் கட்டுப்படி ஆகவில்லை. எனவே பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றுவார். துணிகொண்டு துடைக்கும் நேரமும் அவருக்கு வீண் எனத் தோன்றிற்று. ஒருபுறம் எழுதிய தாளின்மேல் வேறு நிற மையால் மீண்டும் எழுதியதும் உண்டு. அவர் குறிப்பேடுகளில் விடைகள் மலிந்தும் வழிமுறைகள் அருகியும் காணப்படுவதற்கு இவ்வறுமையும் ஒரு காரணம் என்பர். கணித வரலாற்றில் ஒரு கட்டுக் காகிதத்தின் விலை இவ்வளவு தூரம் பாய்ந்திருக்கிறது!

அலுவலக வேலையை அவர் புறக்கணித்தாரல்லர். இட்ட வேலையை விரைவில் முடித்துவிட்டு, எஞ்சிய பொழுதைத் தம் எண்களுக்கு அளித்தார். தலைவர் ஸ்பிரிங் இதனை அறிவார். நாராயண ஐயர் அறிவித்திருந்தார். பொறியாளரான அவருக்கு அக்கணிதம் புரியவில்லை. ஆனால் புரியாததை ஒதுக்கிவிடவும் அவர் துணியவில்லை. இவ்விளைஞர் உண்மையில் மேதைதானா என அறிவதற்குச் சென்னையில் இருந்த ஆங்கிலேயப் பேராசிரியர்கள் முயன்றனர். பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் கிரிபித், 1912 நவம்பரில் இலண்டனிலிருந்த தம் ஆசிரியர் ஹில் என்பாருக்கு எழுதிக் கேட்டார். வந்த மறுமொழி தெளிவாக முடிவுகட்டவில்லை.

1913 ஜனவரி 16-ஆம் நாளன்று இராமானுஜன் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணித அறிஞர் ஹார்டிக்குத் தாமே கடிதம் எழுதினார். சென்னைத் துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுன் மட்டுமே சம்பளம் பெறும் எழுத்தர் என்றே தம்மை அதில் அறிமுகம் செய்துகொண்டார். அக்காலத்தில் ஒரு பவுன் 15 ரூபாய். மாதம் 30 ரூபாய் எனின் ஆண்டுக்கு 24 பவுன் ஆகும். எண்களில் தவறாத அவர் சம்பளத்தைச் சற்றுக் குறைத்தே எழுதினார். 25 நிரம்பியிருந்தும், வயது ஏறக்குறைய 23 என்று அதனையும் குறைத்தே எழுதினார்! தேற்றங்களில் மட்டும் குறைவில்லை. அவற்றைக் கண்டு வியந்த ஹார்டி பிப்ரவரி 8-இல் மறுமொழி விடுத்தார். நிறுவல்களை அனுப்புமாறு வேண்டினார்.

அதன்பின் நிகழ்ச்சிகள் விரைந்து நடந்தன. அம்மாத இறுதியில், கேம்பிரிட்ஜில் பயின்றவரும் வானிலைத் துறைத் தலைவருமான கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தார். ஸ்பிரிங் அவரிடம் தம் எழுத்தரின் கணிதத்தைக் காட்டினார். மறுநாளே வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்து எழுதினார். முதுகலைப் பட்டம் பெற்றோர்க்கே உரியதாயிருந்த ஆராய்ச்சி உபகாரச் சம்பளம், எஃப்.ஏ. தேறாத ஒருவருக்கு வழங்கப்பட்டது. 1913 மே முதல், மாதம் 75 ரூபாய், ஈராண்டுக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆராய்ச்சி அறிக்கை தரவேண்டும் என்பதே நிபந்தனை. துறைமுகக் கழகமும் தன் எழுத்தரை மகிழ்ந்து விடுவித்தது. அவர் பேரேட்டின் முன் அமர்ந்திருந்த காலம் ஏறத்தாழப் பதினான்கு மாதங்களே.

வேலை தர மறுத்த இராமசாமி ஐயரும், வேலை கொடுத்த துறைமுகத்தாரும் நாடியது ஒன்றே. ஆயினும் இரண்டில் எது இராமானுஜனுக்கு மிகுதியாக உதவிற்று என்று கேட்டால், துறைமுகத்து நாற்காலியே என்று சொல்லத் தோன்றும். சோற்றுக் கவலை தீர்ந்த பின்னரே அவர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அந்நாற்காலிக்கு மேலே நாராயண ஐயரும் ஸ்பிரிங்கும் இருந்தமையும் மறத்தற்குரியதன்று. வேறோர் அலுவலகமாயின், வேலை நேரத்தில் கணக்குப் போட்ட எழுத்தர் தண்டம் கட்டியிருக்கவும் கூடும்.

1914 மார்ச்சு 17-ஆம் நாளன்று நெவாசா என்னும் கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. எந்தத் துறைமுகத்தின் கணக்கை எழுதி வந்தாரோ, அத்துறைமுகத்திலிருந்தே இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கடல் கடந்தார். கேம்பிரிட்ஜில் அவர் ஆற்றிய ஆராய்ச்சிகளும், 1918-இல் இராயல் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், அவ்வாண்டே டிரினிட்டிக் கல்லூரியின் பெலோ ஆனதும் உலகறிந்தவை. அவர் உடல்நலம் குன்றியதும் அக்காலத்திலேயே.

1919 ஜனவரியில், நோயுற்றிருந்த நிலையில், அவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் விடுத்தார். பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்திருந்தது. முன்னர் 20 பவுன் என்று சம்பளம் குறித்த கை, இப்பொழுது அத்தொகை தமக்கு மிகுதி என்று எழுதிற்று. பெற்றோர்க்கு 50 பவுனும் தமக்கு வேண்டிய செலவும் போக எஞ்சுவதை, ஏழைச் சிறுவர்களுக்கும் ஆதரவற்றோருக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் செலவிட வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் அவர் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாளன்று சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 32. ஜானகி அம்மையார் அதன்பின் எழுபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அவற்றுள் பெரும்பகுதியைத் தையல் வேலை செய்து திருவல்லிக்கேணியில் கழித்து, 1994-இல் மறைந்தார். அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1993-இல், துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரத்தில், கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன் போன்றோரின் முயற்சியால் இராமானுஜன் அருங்காட்சியகம் நிறுவப்பெற்றது. அவர் கடிதங்களின் படிகளும் ஒளிப்படங்களும் ஆங்குத் தொகுத்து வைக்கப்பெற்றன.