ஹார்ன்பில் திருவிழாவில் என்ன சாப்பிடலாம்?

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு நாகாலாந்து ஹார்ன்பில் திருவிழாவுக்குப் போகிறோம். அங்கே புழுகூட விற்பார்களாமே, சாப்பிட்டுப் பார்க்கலாமா? – வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாக. ஆனால் புழுவில் தொடங்க வேண்டாம்.

2000-இல் தொடங்கிய இந்த விழா கோஹிமாவுக்கு அருகே கிசாமாவில் நடக்கிறது. ஒவ்வொரு பழங்குடிக்கும் 'மொருங்' என்று தனிக்கூடம் உண்டு. சாப்பாட்டுக்கு அங்கேதான் போக வேண்டும்.

முதலில், அக்ஸோனி போட்ட புகையூட்டிய பன்றிக்கறியைக் கேளுங்கள். சோயாவை வேகவைத்து, இலையில் பொதிந்து, அடுப்பருகே சில நாள் புளிக்கவைப்பதுதான் அக்ஸோனி. வாடை நம் கருவாட்டைப் போல மூக்கைத் துளைக்கும். இரண்டு கவளம் உள்ளே போனதும் அந்த வாடையே ருசியாகிவிடும். பொதியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பழுப்பேறிய பயறு கையில் பிசுபிசுவென்று ஒட்டும்.

பிறகு பட்டுப்புழு, மரப்புழு. வறுத்தால் மேலே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய்ப் பதம். மரப்புழு அங்கே விலை கூடிய பண்டம். பஞ்சத்துக்குத் தின்கிறார்கள் என்று எண்ணி, பரிமாறுபவர் எதிரில் முகம் சுளித்துவிடாதீர்கள். வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், போதும். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் புழு, பூச்சி எதையும் தொட வேண்டாம். அதே ஒவ்வாமை இதிலும் வரலாம்.

ராஜா மிளகாய்ச் சட்னியைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். உங்களுக்கும் விரல்நுனி அளவு போதும், நிறையச் சோற்றோடு.