தஞ்சோங் மாலிமில் ஊராட்சி மன்றத்தை அணுகுவது எப்படி? முதன்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தெருவிளக்கு எரியவில்லை, லோங்காங் அடைத்துக்கொண்டது, குப்பை லாரி வரவில்லை. யாரிடம் சொல்வது என்று கேட்டால் நம்மில் பலர் சட்டமன்ற உறுப்பினரின் பெயரைத்தான் சொல்வோம். ஆனால் முதலில் போக வேண்டிய இடம் தஞ்சோங் மாலிம் மாவட்ட மன்றம். தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இந்த மன்றம் பழக்கப்படாததில் வியப்பில்லை. லயத்தில் குழாய், விளக்கு, கால்வாய் எல்லாமே மேனேஜர் பொறுப்பு. தாமானுக்குக் குடிவந்து வரி கட்டத் தொடங்கிய பிறகும், கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்ற எண்ணம் பலருக்கு வரவில்லை. வர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: உங்கள் வீடு யார் எல்லையில் இருக்கிறது?

பெர்னாம் ஆறுதான் பேராக்கின் எல்லை. ஆற்றைக் கடந்தால் உலு பெர்னாம். அது சிலாங்கூர் மாநிலம், உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. கடைக்கும் கோயிலுக்கும் இரு கரை மக்களும் ஒன்றாகவே புழங்குவதால், புகார் தவறான மன்றத்துக்குப் போய்விடக்கூடும். மதிப்பீட்டு வரி பில்லின் தலைப்பில் எந்த மன்றத்தின் பெயர் இருக்கிறதோ, அதுவே உங்கள் மன்றம். மாவட்ட அலுவலகம் வேறு. தஞ்சோங் மாலிம், பெஹ்ராங், சிலிம் ரிவர் எல்லாம் 2016 முதல் பேராக்கின் 11ஆவது மாவட்டமான முஅல்லிமில் அடங்கும். நிலம் தொடர்பான விவகாரங்கள் அந்த மாவட்ட அலுவலகத்துக்குப் போகும்.

இன்னும் தோட்ட வீட்டில் இருப்பவர்களுக்கு வழி வேறு. தோட்டம் தனியார் நிலம். அங்கே தொழிலாளர் குடியிருப்பு, குடிநீர், கால்வாய், குப்பை ஆகியவற்றுக்கு 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டப்படி முதலாளியே பொறுப்பு. புகார் தொழிலாளர் இலாகாவுக்குப் போக வேண்டும்.

படி 2: எந்த வேலை யாருடையது?

குப்பை, தாமான் கால்வாய், சந்தை, வியாபார லைசென்ஸ், விளையாட்டுத் திடல், கட்டட அனுமதி ஆகியவை மன்றத்தின் வேலை. குழாய்த் தண்ணீருக்கு பேராக் நீர் வாரியம். ஆறு, வெள்ளம் என்றால் வடிகால் நீர்ப்பாசன இலாகா. சாலைக் குழிக்குப் புகார் கொடுக்கும் முன் ஓரத்துக் கல்லைப் பாருங்கள். வெறும் எண் இருந்தால் கூட்டரசுச் சாலை, ‘ஏ’ என்ற எழுத்தோடு எண் இருந்தால் பேராக் மாநிலச் சாலை. இரண்டையும் பராமரிப்பது பொதுப்பணி இலாகா. தாமானுக்குள் இருக்கும் தெருக்கள் பெரும்பாலும் மன்றத்துடையவை.

படி 3: உறுப்பினர் எப்படி வருகிறார்?

நாம் வாக்களித்து அல்ல. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு செனட்டர் அத்தி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம் மேற்கு மலேசியாவின் ஊராட்சிகளை ஆராய்ந்து, தேர்தல் தொடர வேண்டும் என்றே 1968இல் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் (171ஆவது சட்டம்) நியமன முறையை நிலைப்படுத்தியது. மன்றத் தலைவருடன் 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை மாநில அரசு நியமிக்கிறது. தவணை மூன்று ஆண்டுக்கு மேற்படக் கூடாது. ஒரு தமிழர் தலைமையில் வந்த அந்தப் பரிந்துரையை நம்மவர்களே அதிகம் பேசுவதில்லை. எனக்கு அது பெரிய மனக்குறை.

தேர்தல் இருந்தாலே போதும் என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனில் வேல்ஸ் நாட்டுச் சிற்றூர்களுக்கு 1974 முதல் சமூக மன்றங்கள் இருக்கின்றன. திடல், பேருந்து நிழற்குடை, இடுகாடு, நடைபாதை எனச் சின்ன வேலைகளைப் பார்க்கும் மன்றங்கள் அவை. உறுப்பினரை ஊரே தேர்ந்தெடுக்கலாம். ஆனாலும் போட்டியிட ஆளில்லாமல் பல இடங்கள் நியமனத்தால் நிரம்புகின்றன. வாக்குரிமை திரும்பி வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதுவரை மன்றத்தின் வாசலுக்கே போகாமல் இருப்பது நமக்குத்தான் நட்டம்.

படி 4: எழுதிக் கொடுங்கள்

வாய்ச்சொல்லுக்குப் பதிவு இல்லை. இடம், தேதி, படம், வரிக் கணக்கு எண், விளக்கு என்றால் கம்பத்தில் இருக்கும் எண், இவற்றோடு மலாயில் அரைப்பக்கம் போதும். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மறுமுறை போகும்போது அந்த நகலைத்தான் காட்ட வேண்டும். உங்கள் வட்டாரத்துக்கு எந்த உறுப்பினர் பொறுப்பு என்று முகப்பிலேயே கேட்டு, அவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

மன்றம் தீர்மானித்து மூடினாலொழிய, அதன் முழுக்கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்கிறது 171ஆவது சட்டம். துணைக் குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு, தாமானிலிருந்து இரண்டு பேராவது போய் உட்காருங்கள்.

படி 5: கம்போங் குழு

கிராமங்களில் ஜே.கே.கே.கே. என்று நாம் பழகிய குழு, 2018க்குப் பிறகு எம்.பி.கே.கே. ஆகி, பின்னர் ஜே.பி.கே.கே. ஆனது. இதுவும் நியமனம்தான். பாலாய் ராயா, கோத்தோங் ரோயோங், உதவிக்கு உரியவர் பட்டியல் எல்லாம் இதன் வழியாகவே நகரும். நம்மவர் ஒருவர் குழுவில் இல்லையென்றால், பட்டியலில் தனித்தாய் ஒருவரின் பெயர் விடுபட்டாலும் சொல்ல ஆளிருக்காது.

படி 6: கோயில் நிலமும் வரைபடமும்

மற்றவற்றைவிட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வரும்போது, லயத்துக் கோயிலும் இடுகாடும் தங்கள் பெயரில் இல்லாத நிலத்தில் நிற்கின்றன. புல்டோசர் வந்த பிறகு போராடுவதைவிட, வரைபடம் தயாராகும்போதே பேசுவது எளிது. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி (172ஆவது சட்டம்) உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் மேம்பாட்டு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நில உரிமையாளருக்கு நோட்டீஸ் வரும். ஆட்சேபத்துக்கு 21 நாள்.

கோயில் நிர்வாகம் இன்றே செய்ய வேண்டியவை: சங்கப் பதிவைப் புதுப்பித்தல், பழைய திருவிழா அழைப்பிதழ், மின்கட்டண பில், படங்களை ஒரே கோப்பில் சேர்த்தல், நில அலுவலகத்தில் அந்த நிலத்தின் பட்டா எண்ணையும் உரிமையாளரையும் தேடிப் பார்த்தல். அந்தக் கோப்போடு மன்றத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போய், வரைபடத்தில் கோயில் இருக்கும் இடம் என்ன நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். வழிபாட்டு நிலம் என்று இல்லாவிட்டால், திருத்தம் கோரும் கடிதத்தை அன்றைக்கே கொடுத்து, நகலில் முத்திரை பெற்றுத் திரும்புங்கள்.