ஒரு வீட்டுக்கு ஓர் இணைப்பு

சனிக்கிழமை காலை. புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் மளிகைக்கடையில் ஒரு மூதாட்டி அரிசி, துவரம்பருப்பு, நல்லெண்ணெய் மூன்றையும் எடுத்துக் கடைக்காரரின் முன் வைக்கிறார். மொத்தம் 26 வெள்ளி 80 காசு. தம் திறன்பேசியில் சிடிசி பற்றுச்சீட்டுகளுக்கான இணைப்பைத் திறக்கிறார். உணவங்காடிகளிலும் அக்கம்பக்கக் கடைகளிலும் செலவிட வேண்டிய தொகையில் 4 வெள்ளிதான் மீதம் இருக்கிறது. இரண்டு வாரங்களுக்கு முன்பு 60 வெள்ளிக்குமேல் இருந்ததாக அவருக்கு நினைவு.

“வீட்டில் வேறு யாராவது பயன்படுத்தியிருப்பார்கள். பொருளைக் கொண்டுபோங்கள் அம்மா, காசைப் பிறகு கொடுக்கலாம்,” என்கிறார் கடைக்காரர்.

கடன் சொல்லி வாங்கும் பழக்கம் அந்த மூதாட்டிக்கு இல்லை. 4 வெள்ளி 30 காசுக்கான துவரம்பருப்பை மட்டும் வாங்குகிறார். பற்றுச்சீட்டில் 4 வெள்ளியைக் கழித்து, 30 காசைக் கையிலிருந்து கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார்.

பற்றுச்சீட்டுகளைச் செலவழித்தவன் அவருடைய பேரன். பள்ளி முடிந்ததும் நண்பர்களோடு குமிழித் தேநீர், பொரித்த கோழி என்று இரண்டு வாரம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். அவன் யாருடையதையும் திருடவில்லை. இணைப்பை அவனுக்கு அனுப்பியவர் அவன் தாயார்தான். குடும்பத்தினர் எவரும் அதைப் பயன்படுத்தலாம். அவன் எந்த விதியையும் மீறவில்லை என்பதால்தான் இது யோசிக்க வேண்டிய செய்தியாகிறது.

சமூக மேம்பாட்டு மன்றங்கள் வழங்கும் இந்தப் பற்றுச்சீட்டுத் திட்டம் 2020ஆம் ஆண்டில், கொவிட்-19 கிருமித்தொற்றுக் காலத்தில் தொடங்கியது. முதலில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டது. 2021 டிசம்பரில் எல்லாச் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கும் தலா 100 வெள்ளி மின்னிலக்க வடிவில் கிடைத்தது. அப்போது அதை உணவங்காடிக் கடைகளிலும் அக்கம்பக்கக் கடைகளிலும் மட்டுமே பயன்படுத்த முடிந்தது. குடும்பங்களின் செலவைக் குறைப்பதோடு, கிருமித்தொற்றால் வாடிக்கையாளர்களை இழந்த சிறிய கடைகளுக்கு வியாபாரத்தைக் கொண்டுவருவதும் திட்டத்தின் நோக்கமாக இருந்தது. 2023ஆம் ஆண்டிலிருந்து பேரங்காடிகளும் சேர்க்கப்பட்டன. ஆயினும், 2024 ஜனவரியில் கொடுக்கப்பட்ட 500 வெள்ளியில் பாதி சிறிய கடைகளுக்கென்றே தனியாக ஒதுக்கப்பட்டிருந்தது.

குடும்பத்தில் ஒருவர் சிங்பாஸ் மூலம் பற்றுச்சீட்டுகளைப் பெற்றதும், அவருடைய திறன்பேசிக்குக் குறுஞ்செய்தியில் ஓர் இணைப்பு வரும். அதை அவர் மற்றவர்களுக்கு அனுப்பலாம். நான்கு பேர் நான்கு திறன்பேசிகளில் திறந்தாலும் உள்ளே இருப்பது ஒரே தொகைதான். ஒருவர் 5 வெள்ளியைச் செலவழித்தால் நால்வருக்கும் 5 வெள்ளி குறையும். யார் செலவழித்தார், எதற்காகச் செலவழித்தார் என்பது மற்றவர்கள் கேட்டால்தான் தெரியும்.

பற்றுச்சீட்டைக் கொடுத்து மீதிச் சில்லறை கேட்பவர்களும் உண்டு. பற்றுச்சீட்டுகள் 2, 5, 10 வெள்ளி மதிப்புகளில் வருகின்றன. 4 வெள்ளி 30 காசுப் பொருளுக்கு 5 வெள்ளிச் சீட்டைக் காட்டினால் 70 காசு திரும்பக் கிடைக்காது. கடைக்காரர் கஞ்சத்தனத்தால் அப்படிச் செய்வதில்லை. அவர் சில்லறை கொடுத்தால் பற்றுச்சீட்டின் ஒரு பகுதியை ரொக்கமாக மாற்றிக் கொடுத்தது போலாகும். விதி அதை அனுமதிப்பதில்லை. மூதாட்டி செய்ததைப்போல, இரண்டு 2 வெள்ளிச் சீட்டுகளைத் தேர்ந்தெடுத்து மிச்சத்தைக் காசாகக் கொடுத்தால் யாருக்கும் நட்டமில்லை.

100 வெள்ளிப் பற்றுச்சீட்டை 80 வெள்ளிக்கு விற்க முயல்வது இன்னொரு வகை. “என் சீட்டு, நான் விற்கிறேன், வாங்குபவரும் அதே கடைகளில்தானே செலவழிக்கப்போகிறார்? இதில் யாருக்கு நட்டம்?” என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால், வீட்டுத் தேவைக்காகக் கொடுக்கப்பட்ட தொகையில் 20 வெள்ளியை அந்தக் குடும்பம் இழக்கிறது. வாங்குபவரின் நிலை அதைவிட மோசம். இணைப்பு விற்றவரின் திறன்பேசியிலும் இருக்குமே! அவர் முந்திக்கொண்டு செலவழித்துவிட்டால் வாங்கியவரிடம் வெறும் திரைதான் மிஞ்சும். விற்பதே விதிமீறல் என்பதால் அவர் யாரிடம் போய் முறையிடுவார்?

பொருளே விற்காமல் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொண்டு, ஒரு பகுதியைத் தமக்கு வைத்துக்கொண்டு மீதியை ரொக்கமாகக் கொடுக்கும் கடைக்காரர் ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். அங்கே அரிசி கைமாறவில்லை, காப்பி கைமாறவில்லை. நடக்காத வியாபாரத்தை நடந்ததாகக் காட்டிப் பொதுப்பணம் எடுக்கப்படுகிறது. மதுபானம், சிகரெட், லாட்டரிச் சீட்டு, பெட்ரோல் ஆகியவற்றுக்குப் பற்றுச்சீட்டைப் பயன்படுத்த முடியாது. அவற்றை விற்றுவிட்டு வேறு பொருளின் பெயரில் கணக்குக் காட்டுவதும் இதே ஏமாற்றுத்தான்.

அன்று மாலை தாயார் சமையலறையில் அரிசி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, “ஏன் அத்தை, அரிசி வாங்கவில்லையா?” என்று கேட்டார். “அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்,” என்று மட்டும் சொன்னார் பாட்டி. மீதி 4 வெள்ளிதான் இருந்தது என்பதை அவர் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த பேரன் தன் திறன்பேசியில் அந்த இணைப்பைத் திறந்தான். காலையில் 4 வெள்ளி கழிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே, ஒன்றன்கீழ் ஒன்றாக, அவன் போன தேநீர்க் கடையின் பெயர்.

அவன் எழுந்து அறைக்குப் போனான். காலணி வாங்கச் சேர்த்து வைத்திருந்த காசிலிருந்து 25 வெள்ளியை எடுத்துக்கொண்டு மின்தூக்கியில் கீழே இறங்கினான். கடையை மூடும் நேரம். அரிசி மூட்டையையும் நல்லெண்ணெயையும் எடுத்து வைத்தான்.

“22 வெள்ளி 50 காசு. பற்றுச்சீட்டா தம்பி?” என்று கேட்டார் கடைக்காரர்.

“இல்லை அண்ணே, ரொக்கம்,” என்றான் அவன்.