கிட்டாரின் தலைப்பலகையில் சாவி பொருத்துதல்

இசைக்கருவி என்றதும் நம் கண்முன் நிற்பவை அதன் குடமும் தந்திகளுமே. தந்தியை இழுத்துப் பிடித்து நிறுத்தும் சாவியை எவரும் நினைப்பதில்லை. ஆனால் சுருதி நில்லாத கருவி, எத்துணை உயர்ந்த மரத்தால் ஆனதாயினும், மேடைக்கு உதவாது. நைலான் தந்தி பூட்டும் ஸ்பானிய வகைக் கிட்டார் ஒன்றை நான் கையால் கட்டி, அதற்குச் சாவிகளைப் பொருத்தியபோது அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். தச்சு வேலையில் நாட்டம் உள்ளவர்க்கும், பல்சக்கரத்தைக் கரும்பலகையில் மட்டுமே கண்ட இயற்பியல் மாணவர்க்கும் இது பயன்படலாம்.

இன்று நாம் காணும் ஸ்பானியக் கிட்டாரின் உருவத்தை வகுத்தவர் அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892) என்ற கைவினைஞர். அவர் காலத்தில் குடல் நரம்பே தந்தி. மரப்பிரடை வைத்த கிட்டார்களும் உண்டு, உலோகச் சாவி வைத்தவையும் உண்டு. நைலான் தந்தி வந்தது 1940-களில்தான். பிரடை என்றால் நமக்கு வீணை நினைவுக்கு வரும். பிரடையை ஒரு சுற்றுச் சுற்றினால் தந்தியும் ஒரு சுற்றுச் சுற்றும். அது நழுவாமல் நிற்பது மரத்தோடு மரம் உராய்வதால் மட்டுமே. நுண்ணிய சுருதிக்கு வீணையில் லங்கர் இருக்கிறது. கிட்டாரில் அப்படி ஒன்று இல்லை. முழுப் பொறுப்பும் சாவியின் தலையில் விழுகிறது. (இப்போது பல வீணைகளிலும் பிரடைக்குப் பதில் கிட்டார் சாவியையே வைக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

சாவியின் அமைப்பு எளிது. ஒரு தகட்டின் மேல் மூன்று பல்சக்கரங்கள். ஒவ்வொன்றோடும் ஒரு திருகுத் தண்டு. அதன் முனையில் விரலால் பற்றும் குமிழ். பல்சக்கரத்தின் மறுபுறம் தந்தி சுற்றும் உருளை. இடப்பக்கம் ஒரு தகடு, வலப்பக்கம் ஒரு தகடு. குமிழை ஒரு முறை சுற்றினால் சக்கரம் ஒரு பல் மட்டுமே நகரும். சக்கரத்தில் 14 பற்கள் இருந்தால், உருளை ஒரு சுற்று வரக் குமிழை 14 முறை சுற்ற வேண்டும். உருளையின் குறுக்களவு 10 மி.மீ.; சுற்றளவு 31.4 மி.மீ. ஆகவே குமிழின் ஒரு சுற்றுக்கு இழுபடும் தந்தியின் நீளம் 2.24 மி.மீ.தான். 16 பற்களானால் 1.96 மி.மீ. ஒரு தந்தி ஏறத்தாழ 6 முதல் 8 கிலோ எடையின் விசையோடு இழுத்தாலும் குமிழ் தானே திரும்பாது. திருகின் சரிவு அவ்வளவு சிறியது, உராய்வே அதைப் பூட்டிவிடுகிறது.

கணக்கு இவ்வளவு அழகாக இருக்க, பல கருவிகளில் சாவி இறுகித் திணறுவது ஏன்? குமிழைத் திருப்புகிறோம், சுருதி ஏறவில்லை. இன்னும் திருப்புகிறோம், திடீரெனத் தாவி மேலே போய்விடுகிறது. பழி தந்தியின் மேலும் சாவியின் மேலும் விழும். குற்றம் பெரும்பாலும் மரத்தில் இட்ட துளையில்தான் இருக்கும். தங்க முலாம் பூசிய விலையுயர்ந்த சாவி வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகும் என்பதை நான் ஒப்புவதில்லை. துளை கோணினால் எந்தச் சாவியும் திணறும்.

எனவே முதல் விதி, சாவியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே துளையைக் குறிக்க வேண்டும். உருளைகளின் மையத்திற்கு மையம் 35 மி.மீ. என்பது பொது வழக்கு. எனினும் அளந்து பார்க்காமல் நம்பலாகாது. தச்சருடைய நூல் கணக்கு இங்கே போதாது. ஒரு நூல் என்பதே 3 மி.மீ.க்கு மேல். இங்கே அரை மி.மீ. பிழையே உருளையைத் துளையின் ஒரு பக்கத்தில் அழுத்திவிடும். முதலாண்டு ஆய்வகத்தில் சலிப்போடு கையாண்ட வெர்னியர் அளவுகோல் இங்கேதான் எனக்கு மெய்யாகவே பயன்பட்டது.

அடுத்து, துளை முன்முகத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது. என் தலைப்பலகை, மேலே ஒட்டிய ஈட்டி மரத் தகட்டையும் சேர்த்து, 20 மி.மீ. கனம். துளையின் மையத்தை முன்முகத்திலிருந்து 10.5 மி.மீ.யில் வைத்தேன். இதை எல்லாக் கிட்டாருக்கும் விதியாகக் கொள்ள வேண்டாம். தகட்டைப் பலகையின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். துளை முன்முகத்தை நெருங்கினால் குமிழ்கள் பலகையின் பின்விளிம்பில் உரசும். மிகப் பின்னே போனால் தகடு விளிம்பைத் தாண்டி நிற்கும்.

இனி, துளை முதலா, காடி முதலா? தலைப்பலகையில் தந்திகள் இறங்கும் இரண்டு நீண்ட காடிகளையும் வெட்டிய பின் துளையிடுவோர் உண்டு. நான் துளையையே முதலில் இட்டேன். காரணம் இது. காடி வெட்டிய பலகையில் துளையாணி வெளிச்சுவரைக் கடந்ததும் வெற்றிடத்தில் இறங்குகிறது. உட்புறம் சிராய் பெயர்கிறது. நடுக்கட்டையை எட்டும்போது முனை சற்று விலகிவிடுகிறது. முழுக்கட்டையில் மரமே துளையாணிக்கு வழிகாட்டி. காடி முன்பே வெட்டப்பட்டிருந்தால், அதில் இறுக்கமாக ஒரு மரத்துண்டைச் செருகிவிட்டுத் துளைக்கலாம்.

கைத்துரப்பணம் இதற்கு ஆகாது. நிலைத் துரப்பணத்தில் பலகையின் பக்கத்தை மேல்நோக்கி நிறுத்தி, மூலைமட்டம் வைத்துச் செங்கோணம் பார்த்து, கவ்வியால் இறுக்க வேண்டும். பல மாத உழைப்பில் உருவான கழுத்து அது. அதில் ஆறு துளைகள். ஒன்று கோணினாலும் மரக்குச்சி செருகி ஒட்டி அடைத்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். ஆகவே அதே மரத்தின் கழிவுத் துண்டில் மூன்று துளைகள் இட்டு, தகட்டைச் செருகிச் சோதித்த பின்னரே மெய்யான பலகையைத் தொட்டேன். 10 மி.மீ. உருளைக்கு 10 மி.மீ. துளை இறுகும், பிறகு வார்னிஷ் உள்ளே படிந்தால் இன்னும் இறுகும். 13/32 அங்குலம், அதாவது 10.3 மி.மீ., பொருத்தமான அளவு. ஆழம் உருளையின் நீளத்தைவிட ஒரு மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். இருபக்கத் துளைகளும் நடுக்கட்டையில் ஒன்றையொன்று எட்டினாலும் கெடுதி இல்லை; உருளைகளின் முனைகள் முட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவே.

காடியை வெட்டுவது உளிக்கும் ரம்பத்துக்கும் பழகிய வேலை. விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. கழுத்தை ஒட்டிய முனையை மட்டும் சரிவாகச் செதுக்க வேண்டும். இல்லையேல் தந்தி அந்த விளிம்பில் உரசும்.

இடத் தகட்டையும் வலத் தகட்டையும் மாற்றிவிடாதீர்கள். சரியாக வைத்தால் திருகுத் தண்டு, உருளையிலிருந்து கழுத்தின் பக்கமாக அமையும். தந்தி கழுத்தை நோக்கி இழுப்பதால் பல்சக்கரம் திருகோடு நெருங்கிக் கவ்வும். மாற்றி வைத்தால் அதே இழுவை சக்கரத்தைத் திருகிலிருந்து பிரிக்கப் பார்க்கும்.

திருகாணி முடுக்குமுன் தகட்டைச் செருகி, ஆறு குமிழ்களையும் சுற்றிப் பாருங்கள். எங்காவது இறுகினால் உருளையில் கரிக்கோலைத் தேய்த்துச் செருகிச் சுழற்றினால், மரம் தொடும் இடத்தில் கறை படியும்; அந்த இடத்தை மட்டும் வட்ட அரத்தால் சிறிது தேய்த்தால் போதும். துளையில் எண்ணெய் விடவேண்டாம், மரம் குடித்துவிடும்; மெழுகு தடவலாம். பித்தளைத் திருகாணி எளிதில் தலை முறியும். ஆகவே முன்துளை இட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியால் ஒரு முறை மரையை ஏற்படுத்திக் கழற்றிவிட்டு, பிறகு பித்தளையைச் சோப்பில் தேய்த்து முடுக்கினேன். ஒன்றும் முறியவில்லை.

தந்தி பூட்டியபின் சுருதியை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேருங்கள். மேலே போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். பற்களுக்கிடையே உள்ள சிறு தளர்ச்சி அப்போதுதான் ஒருபக்கமாக அடங்கும். புதிய நைலான் தந்தி சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும். அந்நாட்களில் சுருதி இறங்குவதைக் கண்டு, சாவியைக் கழற்றத் தொடங்கிவிட வேண்டாம்.