நன்னூல் காட்டும் நான்கு குறைகள்: எல்லைப்புற வகுப்பறைக்கு ஒரு பாடம்

சமணப் பெரியோராகிய பவணந்தி முனிவர், கி.பி. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் கங்க மரபுச் சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்கி நன்னூலை இயற்றினார். இலக்கணம் கூறப் புகுமுன், பொதுப்பாயிரத்தில் ஆசிரியரின் இயல்பையும் மாணவரின் இயல்பையும் வகுத்துரைத்தார். ஆசிரியராகத் தகாதவரின் குறைகளை அங்கே நான்கு உவமைகளால் விளக்குகிறார். ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிப் பள்ளிகளில் பணியாற்றும் நம் இளம் ஆசிரியர்களுக்கு அவை இன்றும் பயன்படுவன.

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின், பல ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து குடியேறின. தெலுங்கும் கன்னடமும் இம்மண்ணில் முன்னரே வழங்கும் மொழிகள். உருது பேசும் இல்லங்களும் உண்டு. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்திற்குப் பின், முதல் வகுப்பு தொடங்கிப் படிப்படியாகத் தமிழ் கட்டாய பாடமாயிற்று. ஆகவே, வீட்டில் தமிழைக் கேட்டறியாத குழந்தையும் நம் வகுப்பில் அமர்ந்திருக்கும். இதனை மனத்திற்கொண்டு அந்நான்கு குறைகளையும் நோக்குவோம்.

1. கழற்குடம்: குடத்தில் இட்ட கழற்சிக்காய்கள், இட்ட முறையில் வெளிவருவதில்லை. முன்பின் முறையின்றிப் பாடம் நடத்துதல் இக்குறையாகும். தமிழைப் பேசவே பழகாத குழந்தையை முதல் நாளிலேயே எழுத்தெழுதச் செய்தல் இதற்குச் சான்று. முதலில் கேட்டல், பின்னர்ப் பேசுதல், அதன்பின் படித்தல், எழுதுதல் என்பதே முறை.

2. மடற்பனை: தானாக விழுந்தாலன்றிப் பழம் கிட்டாது, ஏறிப் பறிக்க மடல்கள் இடந்தரா. நெருங்கவியலாத ஆசிரியர் இத்தகையவர். கன்னடத்தில் ஐயம் கேட்ட சிறுவனை, "தமிழில் கேள்" என்று அதட்டினால் அவன் மறுமுறை வாய் திறவான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மன வேதனை தருவதையும் தடை செய்கிறது. மனம், சொல், செயல் மூன்றாலும் துன்பம் செய்யாமையைப் போற்றும் நமக்கு இது புதிதன்று.

3. பருத்திக்குண்டிகை: குறுகிய வாயுள்ள குடுக்கையில் சிறிது சிறிதாகத் திணித்த பஞ்சு, சிறிது சிறிதாகவே வெளிவரும். அறிந்ததை மனமுவந்து வழங்காமை இக்குறை. கன்னடத்தார் பாலை 'ஹாலு' என்பர். பல்லை 'ஹல்லு' என்பர். நம் பகரம் அங்கே ஹகரமாகும் என்பதை ஒருமுறை எடுத்துரைத்தால், குழந்தை பல சொற்களைத் தானே இணைத்துக்கொள்ளும். இதனை அறிந்தும் உரைக்காதிருப்பது முறையன்று.

4. முடத்தெங்கு: நீர் வார்த்தவனுக்கு உதவாமல், அடுத்தவன் மனையில் காயை உதிர்க்கும் கோணல் தென்னை. எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய நேரத்தை முன்வரிசைப் பிள்ளைகள் நால்வருக்கே செலவிடுதல் இதனைப் போன்றது.

இந்நான்கினும் பெரிய பிழை ஒன்றுண்டு. அது மொழி அறியாமையால் விளையும் மௌனத்தை அறிவின்மை என்று முடிவு கட்டுதல். வாய் திறவாத குழந்தை, கணக்கில் முதல்வனாக இருக்கக்கூடும். ழகரம் வாராத குழந்தையை நகைத்தலும் தகாது. இன்றைய கன்னடத்திலும் தெலுங்கிலும் அவ்வொலி வழக்கில் இல்லை. பழங்கன்னடத்தில் இருந்து மறைந்தது. பழகாத ஒலிக்கு நாவைப் பழக்குவதே நம் கடமை. "மந்தம்" என்று ஒருமுறை பெயர் சூட்டப்பெற்ற பிள்ளை, பள்ளியை வெறுத்து இடையிலேயே நின்றுவிடக்கூடும். பின்னர் அதனைத் திரும்ப அழைத்து வருதல் எளிதன்று.

வீட்டுப் பாடம் முடிக்காத பிள்ளையிடம், "நாளை பெற்றோரை அழைத்து வா" என்று ஆணையிடுமுன்னும் சிறிது எண்ணுதல் வேண்டும். ஷிப்டு வேலை பார்க்கும் தந்தைக்கு அது ஒரு நாள் கூலி இழப்பாகலாம். அவர்களுக்கு இயலும் நேரத்தைக் கேட்டறிந்து சந்திப்பதே நலம்.

இடைமாணாக்கருக்கு நன்னூலார் காட்டும் உவமைகளுள் மண்ணாகிய நிலமும் ஒன்று. உழவன் முயற்சிக்குத் தக்க அளவே நிலம் விளைவு தரும். விளைச்சல் குறைந்தால், நிலத்தைப் பழிக்குமுன் உழவன் தன் உழவை ஆராய்தல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்:

அ. இவ்வாரம் உங்கள் வகுப்பில் ஒருமுறையேனும் பேசாத குழந்தைகள் யாவர்?

ஆ. அவர்களின் வீட்டு மொழி எது? அம்மொழியில் ஐந்து சொற்களேனும் நீங்கள் அறிவீர்களா?

இ. நான்கு குறைகளுள், நீங்கள் முதலில் களைய வேண்டியது எது?